திரை போனது ஏதாவது இருக்கா?

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும் என்று என்னைத் தெரிந்தவர்கள் சொல்வார்கள். தெரியாதவர்களும் கொஞ்ச நேரத்தில் தெரிந்துகொள்வார்கள். கண்ணாடிக் கடை வைத்திருப்பவனுக்கு இந்தக் குணம் ஆகாதுதான். ஆனால் கண்ணாடியை வெட்டும்போது என் கை நிதானமாகத்தான் இருக்கும். என் சண்டையெல்லாம் மனிதர்களோடு.

அதுவும் அக்காவோடு வெளியே போகும் நாட்களில் கேட்கவே வேண்டாம். அக்காவுக்குப் பிறந்ததிலிருந்தே பார்வை கிடையாது. என் முழங்கைக்கு மேலே லேசாகப் பிடித்துக்கொண்டு வருவாள். பார்க்கிறவர்கள் நான் அவளைக் கூட்டிக்கொண்டு போவதாக நினைப்பார்கள். உண்மையில் எந்தத் தெரு, எந்தத் திருப்பம் என்று சொல்லுவது அவள். வழியில் குழி இருந்தால் சொல்வதோடு என் வேலை சரி. ஆனாலும் எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் கடைக்காரர் என்னைப் பார்த்து, "அவங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்பார். அவள் அங்கேயே நிற்பாள். அவளுக்குக் காது கேட்கும், என்னைவிட நன்றாகப் பேசவும் தெரியும். எனக்கு உள்ளங்காலிலிருந்து ஏறும்.

அன்றைக்கு நாங்கள் பழைய லேப்டாப் வாங்கக் கிளம்பியிருந்தோம். நீதிமன்ற விசாரணைகளின் ஒலிப்பதிவைக் கேட்டு, பேசியதைப் பேசியபடியே தட்டச்சு செய்து கொடுக்கிற அலுவலகம் ஒன்றில் வேலை காலியாக இருந்தது. வீட்டிலிருந்தே செய்கிற வேலை, லேப்டாப் மட்டும் நம்முடையதாக இருக்க வேண்டும். தேர்வுக்கும் அதையே கொண்டுவரச் சொல்வார்கள். அக்கா தோழி ஒருத்தியின் லேப்டாப்பை இரவல் வாங்கிக்கொண்டு முந்தின நாள் அங்கே போயிருந்தாள். பாதியில் ஹெட்போன் செருகும் இடத்தில் கரகர என்று ஒரு சத்தம். கொஞ்சம் கை பட்டாலும் குரல் அறுந்துபோனது. அவள் வயரை அழுத்திப் பிடித்துக்கொண்டே ஒற்றைக் கையால் தட்டியதை நான் வாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த அலுவலக சூப்பர்வைசர் நல்ல மனிதர்தான். ஆனால் அவரும் என்னிடம்தான் வந்தார். "அவங்க நல்லாத்தான் பண்றாங்க சார். நாளான்னிக்கு இன்னொரு தேர்வு இருக்கு, நல்ல மெஷினோட கூட்டிட்டு வாங்க. அதோட இந்த இடத்தை நிரப்பிடுவோம்" என்றார்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது அக்கா சொன்னாள்.

"நானே தோத்திருந்தா பரவால்லடா. ஒரு ஒயர் என்னைத் தோக்கடிச்சிடுச்சு. அதைத்தான் தாங்க முடியல."

புது லேப்டாப் எங்கள் கைக்கு எட்டாது. அதனால் மறுநாள் காலையில் கடையைச் சாத்திவிட்டு, பழைய கம்ப்யூட்டர் விற்கிற தெருவுக்கு அவளோடு கிளம்பினேன். விட்டேனா பார் என்று இருந்தது எனக்கு.

முதல் கடையில் வழக்கம்போல் ஆரம்பித்தது. கடைக்காரர் என்னைப் பார்த்து, "அவங்க கம்ப்யூட்டரெல்லாம் பாப்பாங்களா?" என்றார்.

"அவங்களையே கேளுங்க. வாய் இருக்கு" என்றேன். என் குரலில் இருந்த சூட்டுக்கு அக்கா என் கையைக் கிள்ளினாள்.

அவர் ஒரு லேப்டாப்பை எடுத்து மேஜைமேல் வைத்துத் திறந்தார். அக்கா கை நீட்டுவதற்குள் நான் முன்னால் குனிந்துவிட்டேன். பழக்க தோஷம். எந்தக் கண்ணாடி வந்தாலும் முதலில் வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பார்ப்பேன், அப்புறம் நேராக, அப்புறம் பக்கவாட்டில். கீறல் இருந்தால் ஏதாவது ஒரு பக்கத்தில் காட்டிக்கொடுத்துவிடும். அந்தத் திரையிலும் மேலிருந்து கீழாக ஒரு மெல்லிய கோடு ஓடியது. மயிரிழைதான். ஆனால் என் கண்ணில் பட்டுவிட்டது.

"இது என்ன கோடு? இந்தக் கோட்டோட யார் தலையில கட்டப் பாக்கறீங்க?" என்று ஆரம்பித்தேன். அவர் கோடெல்லாம் ஒன்றும் இல்லை என்றார். நான் விரலை வைத்துக் காட்டினேன். அவர் என் கண்ணில்தான் கோளாறு என்றார். அதற்கப்புறம் நான் சொன்னதை இங்கே எழுத வேண்டியதில்லை. அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு விறுவிறு என்று வெளியே வந்துவிட்டேன்.

"என்னடா ஆச்சு? நான் தொட்டுக்கூடப் பாக்கலையே" என்றாள்.

"உனக்கு அது வேண்டாம். மட்டமான சரக்கு."

அவள் நம்பிவிட்டாள். நான் சொன்னால் அவள் நம்புவாள். நானும் அதைத்தான் நம்பினேன்.

இரண்டாவது கடை ஒரு மாடியில் இருந்தது. படி குறுகல், சுவர் பூராவும் பழைய விளம்பரங்களின் பசை. உள்ளே பழுது பார்க்கிற மேஜையில் ஒரு பெண் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கடை அவருடையதுதான். எங்களைப் பார்த்ததும் விளக்கை அணைத்துவிட்டு, "வாங்க, உக்காருங்க. யாருக்கு மெஷின்?" என்று கேட்டார்.

"எனக்கு" என்றாள் அக்கா.

"என்ன வேலைக்கு?"

கேள்வி அக்காவுக்கே போனது. கடைக்காரம்மா மேல் எனக்கு அப்போதே மரியாதை வந்துவிட்டது. அக்கா வேலையைப் பற்றியும், நாளைத் தேர்வைப் பற்றியும் சொன்னாள். கடைக்காரம்மா அலமாரியிலிருந்து ஒன்றை இறக்கி, துடைத்து, மேஜையில் வைத்தார்.

நான் சாய்த்துப் பார்த்தேன், நேராகப் பார்த்தேன், பக்கவாட்டில் பார்த்தேன். திரையில் ஒரு பொட்டு கிடையாது. "அக்கா, இதையே எடுத்துக்கலாம். இதைவிட நல்லது கிடைக்காது" என்றேன்.

"கொஞ்சம் தள்ளி நில்லுடா. நான் இன்னும் தொடவே இல்ல" என்று சொல்லி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

அக்கா ஒரு பொருளைச் சோதித்து நான் அதுவரை பார்த்ததில்லை என்பதே அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அவளுக்கு வேண்டியதையெல்லாம் நானே பார்த்துப் பார்த்து வாங்கிக் கொடுத்துவிடுவேன். மூடியைத் திறந்து மூடி, கீல் முனகுகிறதா என்று கேட்டாள். ஓரங்களைத் தடவி ஒவ்வொரு துளையையும் விரலால் எண்ணினாள். பையிலிருந்து ஒரு பென்டிரைவை எடுத்துச் செருகி, ஏதோ தட்டினாள். உடனே ஒரு குரல் பேச ஆரம்பித்தது. திரையில் இருப்பதையெல்லாம் படித்துச் சொல்லுகிற குரல் அது. அக்கா அதற்கு வாயாடி என்று பெயர் வைத்திருக்கிறாள்.

வாயாடியைப் பேசவிட்டு ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினாள். ஒரு எழுத்தைத் தட்டும்போது முகத்தைச் சுளித்துவிட்டு, மறுபடி தட்டினாள். "இது ஒரு தட்டுக்கு ரெண்டா விழுது" என்றாள். அப்புறம் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, வயரை லேசாக முறுக்கினாள். அவள் முகம் மாறியது எனக்குத் தெரிந்தது. முந்தின நாள் அந்த அலுவலகத்தில் பார்த்த அதே முகம்.

"கரகரங்குது. வேண்டாம்."

"அக்கா, திரை எவ்வளவு சுத்தமா இருக்கு தெரியுமா? ஒரு கீறல் இல்ல."

அவள் ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். "சரிடா. அதுல நான் என்னத்தப் பாக்கறது?"

கடைக்காரம்மா வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

"காலைல அந்தக் கடையில மட்டமான சரக்குன்னு இழுத்துட்டு வந்தியே, அதுல என்ன கோளாறு?"

"திரையில ஒரு கோடு" என்றேன். என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

அக்கா சிரித்தாள் பாருங்கள், அப்படி ஒரு சிரிப்பு. மேஜையில் கையை ஊன்றிக்கொண்டு, மூச்சு வாங்க, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். "கோடுடா! ஒரு கோட்டுக்காக அந்த மனுஷனைக் கிழி கிழின்னு கிழிச்சியே!" கடைக்காரம்மாவும் அதற்கு மேல் அடக்க முடியாமல் சிரித்துவிட்டார். நான் அசடு வழிய நின்றேன். கண்ணாடிக்காரன் புத்தி கண்ணாடியோடு நின்றுவிட்டது. வேறென்ன சொல்ல?

சிரித்து முடித்ததும் அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு கடைக்காரம்மா பக்கம் திரும்பினாள்.

"திரை போனது ஏதாவது இருக்கா?"

"போனதுன்னா?"

"சுத்தமா போனது. உள்ள நல்லா இருக்கணும். திரைக்கு நான் எதுக்குக் காசு குடுக்கணும்?"

கடைக்காரம்மா எழுந்து, மேஜைக்கு அடியிலிருந்து ஒரு அட்டைப்பெட்டியை இழுத்தார். "ஒண்ணு இருக்கு. பெரிய கம்பெனியிலேர்ந்து வந்தது, உள்ள எல்லாமே உசத்தி. யாரோ பேனாவை நடுவுல வெச்சிட்டு மூடியை மூடிட்டாங்க. திரை நொறுங்கிடுச்சு. புதுசு போட்டா கட்டுப்படியாகாது. பார்ட்ஸுக்குக் கழட்டலாம்னு வெச்சிருந்தேன்."

"கழட்டிட்டீங்களா?"

"இன்னும் கை வைக்கல. வந்தன்னிக்கு மானிட்டரை மாட்டி எங்க விண்டோஸைப் போட்டுப் பாத்ததோட சரி."

மேஜைமேல் வைத்தார். திரை பூராவும் சிலந்தி வலைபோல விரிசல். மின்சாரம் கொடுத்துப் பொத்தானை அழுத்தினார். உள்ளே விசிறி சுழலுகிற சத்தம் கேட்டது, அவ்வளவுதான். திரை கறுப்பாகவே இருந்தது.

"இருங்க, தனியா ஒரு மானிட்டரை மாட்டித் தரேன்" என்றார் கடைக்காரம்மா.

"எனக்கு வேண்டாம். உங்களுக்கு வேணும்னா மாட்டிக்கோங்க" என்றாள் அக்கா.

கடைக்காரம்மா எடுத்த வயரை அப்படியே கீழே வைத்துவிட்டார். நானும் அவரும் அந்தக் கறுப்புத் திரைக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றோம். உள்ளே என்ன நடக்கிறது என்று எங்கள் இரண்டு பேருக்கும் மண்ணும் புரியவில்லை. அக்கா பென்டிரைவைச் செருகினாள், காத்திருந்தாள், ஏதோ தட்டினாள். மறுபடி காத்திருந்தாள், பிறகு ஸ்பீக்கரில் காதை வைத்து வாயாடியின் மெல்லிய முனகலைக் கேட்டாள்.

"என்ன ஆகுதுன்னு எங்களுக்கும் சொல்லுங்களேன்" என்றார் கடைக்காரம்மா.

"எழுந்திருச்சிடுச்சு. பாஸ்வேர்டு இல்ல. தேதி தப்பா இருக்கு, மாத்திடறேன்" என்று அக்கா எங்களுக்கு நேர்முக வர்ணனை கொடுத்துக்கொண்டே தட்டினாள். அப்போது வாயாடி உரக்கப் பேசினாள். பேசினாள் என்றா சொன்னேன்? தையல் மெஷின் ஓடுவது போல ஒரு சத்தம், நிற்காமல், ஒரு வார்த்தைகூடப் பிடிபடாமல்.

கடைக்காரம்மா பதறிப்போய்க் கையை நீட்டினார். "ஐயையோ, சவுண்டு கார்டும் போயிடுச்சு போல. விட்டுடுங்க, நான் பாக்கறேன்."

"ஒண்ணும் போகல" என்றாள் அக்கா. "நான்தான் வேகத்தைக் கூட்டினேன். எப்பவும் இந்த வேகத்துலதான் கேப்பேன். தோழியோட மெஷின்ல இந்த வேகத்துக்கு வாயாடிக்கு மூச்சு வாங்கும். இதுலயும் வாங்குதான்னு பாக்கறேன்."

"இது உங்களுக்குப் புரியுதா?"

"பின்ன? இப்போ உங்க கடைப் பேரு போட்ட ஒரு ஃபைலைப் படிச்சிட்டிருக்கா. அதுல 'சர்வீஸ்'ங்கறதைத் தப்பா எழுதியிருக்கீங்க."

கடைக்காரம்மா என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். எனக்கு அப்போது வந்த பெருமையை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. என் அக்கா வேலை செய்வதை தொழில் தெரிந்த ஒருத்தி இன்னொருத்தியைப் பார்ப்பது போல அந்தப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா விடுவதாக இல்லை. நீளமான ஒலிப்பதிவு ஒன்றை ஓடவிட்டாள். அது ஓடும்போதே வாயாடியைப் படிக்கவிட்டாள். இரண்டுக்கும் நடுவில் தட்டச்சும் செய்தாள். உள்ளங்கையை அடியில் கொடுத்துச் சூட்டைப் பார்த்தாள். சார்ஜரைப் பிடுங்கிவிட்டு, பேட்டரி எவ்வளவு தாங்கும் என்று காத்திருந்தாள். கடைக்காரம்மா கீழே போய் டீ வாங்கிக்கொண்டு வந்தார். நாங்கள் குடித்து முடித்தோம், அக்காவுடையது ஆறியே போனது. கடைசியில் ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். வயரை முறுக்கினாள். இழுத்தாள். விரலால் சுண்டினாள். செருகிய இடத்தையே கட்டைவிரலால் அழுத்தி ஆட்டினாள்.

"ம்ஹூம், கரகரப்பே இல்ல. கல்லு மாதிரி இருக்கு" என்றாள். "விலையைச் சொல்லுங்க. பாவம்னு குறைக்க வேண்டாம், திரை இல்லன்னு குறைங்க."

கடைக்காரம்மா நியாயமாகத்தான் சொன்னார். அக்கா பேரம் பேசாமல் கொடுத்தாள். வெளியே வரும்போது கடைக்காரம்மா படி வரைக்கும் வந்து, "தேர்வு முடிஞ்சதும் ஒரு வார்த்தை சொல்லுங்க" என்று அக்காவிடம் சொன்னார். என்னிடம், "திரையைத் தொடாம தூக்கிட்டுப் போங்க, கையைக் கிழிச்சிடும்" என்றார்.

அதை எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. உடைந்த கண்ணாடியின் ஓரம் என்ன செய்யும் என்று என் விரல்களில் இருக்கிற தழும்புகளே சொல்லும். என் கடைக்கு வந்ததும் முதல் வேலையாக அந்தத் திரையைச் சட்டத்திலிருந்து கழற்றி எடுத்தேன். மூடி ஒரு வெறும் பள்ளமாக நின்றது.

"இங்க ஒரு பிளாஸ்டிக் தகடு ஒட்டிடறேன் அக்கா."

அவள் ஸ்டூலில் உட்கார்ந்து கொஞ்சம் யோசித்தாள். அவள் உதட்டோரம் ஒரு விஷமம் வந்தது. சின்ன வயதில் என்னை மாட்டிவிடுவதற்கு முன்னால் வரும் அதே விஷமம். "மூஞ்சி பாக்கற கண்ணாடி மெல்லிசா இருக்கா உன்கிட்ட?"

"இருக்கு. உனக்கு எதுக்கு?"

"எனக்கா? நேத்து நான் தட்டும்போது அந்த சூப்பர்வைசர் என் தோளுக்குப் பின்னாலேயே நின்னு எட்டிப் பாத்துட்டிருந்தார். மூச்சு என் காதுல பட்டுது. எட்டிப் பாக்கறவங்க பாக்கறதுக்கு ஏதாவது வேண்டாமா?"

இருப்பதிலேயே மெல்லிய கண்ணாடியாக எடுத்தேன். அளந்து வெட்டி, ஓரம் நான்கையும் கையால் தேய்த்து மழுக்கினேன். பள்ளத்தில் பொருத்தினேன். ஒரு மயிரிழை இடைவெளி இல்லை. என் வாழ்நாளில் அவ்வளவு சுத்தமாக ஒரு கண்ணாடி வெட்டியதில்லை. அக்கா மூடியைத் திறந்து திறந்து மூடினாள், கீலில் காதை வைத்துக் கேட்டாள். "தாங்குது" என்றாள்.

மறுநாள் அந்த அலுவலகத்தில் ஐந்தாறு பேர் வரிசையாக உட்கார்ந்து தட்டிக்கொண்டிருந்தார்கள். அக்கா ஹெட்போனை மாட்டிக்கொண்டு கடைசி மேஜையில் இருந்தாள். இரண்டு கையும் கீபோர்டில் இருந்தன. நான் வாசலில் நின்று அதைத்தான் பார்த்தேன், இரண்டு கையும் கீபோர்டில்.

சூப்பர்வைசர் ஒவ்வொருவர் பின்னாலும் நின்றுவிட்டு அவள் பக்கம் வந்தார். தூரத்திலிருந்து பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினார். "மெஷின் ஆன் ஆகலையே சார். அவங்ககிட்ட சொல்லுங்க."

வேறு நாளாக இருந்தால் நான் கத்தியிருப்பேன். அன்றைக்கு எனக்குக் கோபமே வரவில்லை. "கிட்டப் போய்ப் பாருங்க சார்" என்றேன்.

போனார். அவள் தோளுக்கு மேலே குனிந்தார். சட்டென்று நிமிர்ந்தார். ஒரு நொடி அப்படியே நின்றார். பிறகு தன்னை அறியாமல் நெற்றியில் விழுந்த முடியைக் கையால் தள்ளிவிட்டுக்கொண்டார். நான் உதட்டைக் கடித்துக்கொண்டேன். அக்காவின் விரல்கள் நிற்கவே இல்லை.

நேரம் முடிந்ததும் எல்லோரும் எழுதியதை அனுப்பினார்கள். சூப்பர்வைசர் தன் மேஜையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒரு இடத்தில் நின்றார். அதையே திரும்பத் திரும்பக் கேட்டார். பக்கத்து மேஜையில் இருந்தவரைக் கூப்பிட்டு அவரையும் கேட்கச் சொன்னார். அவர்கள் பேசியது எனக்குக் கேட்டது. இரண்டு வக்கீல்கள் ஒரே நேரத்தில் கத்துகிற இடம், நடுவில் சாட்சி முணுமுணுப்பாக ஏதோ சொல்கிறார். மற்ற எல்லோரும் 'தெளிவாக இல்லை' என்று போட்டுவிட்டார்கள். ஒரே ஒருவர் மட்டும் மூன்று பேர் சொன்னதையும் தனித்தனியாக எழுதியிருக்கிறார். கேட்டுப் பார்த்தால் அப்படியே இருக்கிறது.

அக்காவுக்கும் அது கேட்டிருக்கும். அவளுக்குக் கேட்காமல் இருக்குமா? ஆனால் அவள் ஒன்றும் தெரியாதவள் போல ஹெட்போன் வயரைச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

சூப்பர்வைசர் எழுந்து வந்தார். வாசலில் நின்ற நான் நிமிர்ந்து நின்றேன், என்னிடம்தானே வருவார் என்று. அவர் என்னைத் தாண்டிப் போனார். ஒரு நாற்காலியை இழுத்து அக்காவுக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார்.

"நீங்க எப்போலேர்ந்து சேரலாம்?"

"நாளைக்கே சேரலாம்" என்றாள் அக்கா. "ஆனா ஒண்ணு சார். கண்ணாடி பாக்கணும்னா கேட்டுட்டுப் பாருங்க. திடீர்னு பின்னால வந்து குனிஞ்சா எனக்குத் தூக்கிவாரிப் போடுது."

அவர் முகம் சிவந்தது. அப்புறம் சிரித்துவிட்டார். "இங்க வர்ற பதிவெல்லாம் வெளிய போகக் கூடாதது. யாரும் எட்டிப் பாக்க முடியாத மெஷின் உங்களுது ஒண்ணுதான்" என்றார். சம்பளம், வேலை நேரம், பதிவுகளை எப்படி அனுப்புவார்கள் என்று அவர் சொல்லிக்கொண்டே போனார். அவள் ஒவ்வொன்றுக்கும் எதிர்க் கேள்வி கேட்டாள். இரண்டு பேரும் வெகுநேரம் பேசினார்கள். அவர் என் பக்கம் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. ஒரு மனிதர் என்னைக் கண்டுகொள்ளாமல் விட்டதற்கு நான் அவ்வளவு சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான்.